ஒப்பாரிக்கு ஓர் இடம்

எங்கள் ஆம்பூர்ப் பக்கம் பாட்டுப் பாட இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. கம்பெனி பஸ்ஸில் பாடலாம், கோயில் மைக்கில் பாடலாம், கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ராவில் ஏறிக் கழுதை மாதிரி கத்தினாலும் கைதட்டி அனுப்புவார்கள். ஒப்பாரிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் அந்த வீட்டில் சாவு விழும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தவர் வீட்டிலேயே யாராவது இரண்டு வரி இழுத்துப் பார்க்கட்டும், முதலில் ஓடிவந்து வாயைப் பொத்துகிறவர் அவராகத்தான் இருப்பார்.

அந்த மாசி மாதம் பூர்ணிமா ஒப்பாரி பாட ஓர் இடம் தேடி அலைந்தாள். அவள் என் எதிர்வீட்டுக்காரி. ரயில்வே கேட்டைத் தாண்டி பாலாற்றுப் பக்கமாக இறங்கும் தெருவில் எங்கள் வீடுகள் இருக்கின்றன. பனி விலகுவதற்குள் கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். ஒரு கையில் டிபன் டப்பாவும் இன்னொரு கையில் சீப்புமாக ஓடுவாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற செக்ஷனில் வேலை. பசை பட்டுப் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் எப்போதும் உரிந்துகொண்டிருக்கும். முன்பெல்லாம் அந்த பஸ்ஸில் பாடுவதற்கென்றே அவளுக்கு ஜன்னலோர சீட்டைப் பிடித்து வைப்பார்கள்.

போன ஆடி மாதத்தோடு அந்தப் பாட்டு நின்றது. அவள் புருஷன் கோபிநாத் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவன். ஈரத்தோல் ஒன்றைத் தூக்குவதற்கே இரண்டு பேர் வேண்டும், அவன் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். அப்படிப்பட்டவன் ஒரு காலையில் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றபடியே சரிந்தான். பக்கவாதம். வேலூரில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் திரும்பவில்லை, பேச்சும் திரும்பவில்லை. மிச்சம் வந்தது ஒரே ஒரு சத்தம்தான். "ம்."

பசிக்குதா என்றால் ம். பசிக்கலையா என்றாலும் ம். மழை வருமா என்று கேட்டாலும் அதேதான். காது கேட்கிறது, எவ்வளவு புரிகிறது என்று சொல்ல முடியாது, எதற்கும் பேசிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பேசிப் பேசி அந்த ஒற்றை ம்மையே கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று டாக்டருக்குத் தெரிந்திருக்காது. அவன் வேலைக்குப் போட்டுப் போன கம்பூட்ஸைப் பூர்ணிமா கழுவி, கதவுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தாள். அது அங்கேயே இருந்தது. எடுத்துப் போடவும் மனசு வரவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கோபிநாத்தின் அம்மா தனகோடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒப்பாரி என்றால் தனகோடிதான். எந்தத் துக்க வீட்டிலும் அவள் வந்து உட்கார்ந்து முதல் வரியை எடுத்த பிறகுதான் மற்ற பெண்கள் தோளோடு தோள் சேர்த்துக்கொள்வார்கள். கல் மனசுக்காரனையும் அழவைத்து அனுப்புவாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, பந்தல்காரன் ஏன் இன்னும் வரவில்லை என்று விசாரிப்பாள். மகன் விழுந்த அன்றோடு அவள் துக்க வீட்டுப் படி மிதிப்பதை விட்டாள். வீட்டிலும் ஒரு சட்டம் போட்டாள். யாரும் கண்ணீர் விடக் கூடாது. உயிரோடு இருக்கிறவனைப் பார்த்து அழுதால் அவன் ஆயுசு குறையும் என்றாள். பார்க்க வந்தவர்கள் மூக்கை உறிஞ்சினாலும் வெளியே போய்விட்டு வரச் சொன்னாள்.

பூர்ணிமா அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. காலையில் அவனைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, வேலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடியும் துடைத்து, களி கிண்டி, கையைக் காலைப் பிடித்துவிட்டுப் படுப்பாள். நல்லா தைரியமா இருக்கா பாரு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பயமாகத்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் முத்துக்குமார் நாடகம் எழுதினான். பேக்கிங் செக்ஷன் பையன், சொந்த ஊர் காவேரிப்பாக்கம். அந்த ஊர்க்காரர்கள் எதைப் பேச ஆரம்பித்தாலும் ஏரியில் கொண்டுபோய்த்தான் முடிப்பார்கள். இவன் நாடகமே ஏரியைப் பற்றியது. கம்பெனியில் மகளிர் தினத்துக்கு வருஷா வருஷம் நடக்கும் கோலப்போட்டிக்குப் பதிலாக, இந்த வருஷம் பெண்களே நடிக்கும் பாட்டு நாடகம் என்று மேனேஜரிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டான். பெயர் 'கரை காத்த செல்லி'. மழையில் ஏரிக்கரை உடைகிறது. செல்லியின் புருஷன் உடைப்பை அடைக்க ஓடுகிறான், திரும்பவில்லை. அவன் ஊறவைத்துக் கட்டிப் போட்ட விதைநெல் மூட்டைக்குள் முளைவிட்டுக் கிடக்கிறது. முளைத்த நெல் யாருடைய துக்கத்துக்காகவும் காத்திருக்காது, உடனே விதைத்தாக வேண்டும். செல்லி அழுவாளா, விதைப்பாளா? இரண்டையும் ஒரே பாட்டில் செய்கிறாள். பாதி ஒப்பாரி, பாதி விதைப்பு. நாடகமே அந்தப் பாட்டுக்காகத்தான்.

பாட்டை எழுதிய பேப்பரை எடுத்துக்கொண்டு அவன் பூர்ணிமாவிடம் போனான். முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாளாம். எதற்கும் நான்கு வரி படித்துப் பார்த்திருக்கிறாள்.

கரை ஒடையுதுன்னு கம்பளிய உதறிவுட்டு
கொடைய எரவாணத்துல கொக்கியில மாட்டிவுட்டு
போனீங்களே சாமி, பொழுதும் விடிஞ்சிடிச்சே
கொட காஞ்சி தொங்குது, கொண்டவரைக் காணலியே

அவளுக்குக் கதவுக்குப் பின்னால் இருக்கும் கம்பூட்ஸ் ஞாபகம் வந்திருக்கிறது. பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, "நான் பாடறேன் தம்பி" என்றாள்.

பாடுகிறேன் என்றதும் இடப்பிரச்சினை ஆரம்பித்தது. முதலில் கம்பெனி கேன்டீனில் முயற்சி செய்தார்கள். சோறு வேகும் இடத்தில் ஒப்பாரியா என்று சமையல்காரம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். மெஷின் ஹாலில் சரஸ்வதி படம் இருக்கிறது, அங்கே கூடாது. அப்புறம் பஸ். டிரைவர் பச்சையப்பன் வண்டியை மாதனூர் தாண்டி ஓரங்கட்டி, பின்னால் திரும்பி, குத்துப்பாட்டு பாடுங்க, சாமி பாட்டு பாடுங்க, பைபாஸ்ல ஓடற வண்டில இத மட்டும் வேணாம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டான். மறுநாள் வண்டி முகப்பில் புதிதாக எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

பூர்ணிமாவுக்குப் பக்கத்து மெஷின் வஜீதா. இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், டப்பாவைத் திறந்தால் யார் குழம்பு யார் தட்டில் இருக்கிறது என்று தெரியாது. எங்க வீட்டுக்கு வா, எங்களுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று கூட்டிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை. வஜீதாவின் புருஷன் நிசார் அஹமது, தோல் வியாபாரத்தில் கமிஷன் பார்க்கிற மனிதர், ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா தங்கச்சி. நீ சொல்ற அந்தப் பயம் எங்களுக்கு இல்ல, வாஸ்தவம்தான். ஆனா எங்கள்ல மய்யத்து வூட்லயே சத்தம் போட்டு அழுவறது கூடாது. இங்க நீ கொரல் எடுத்தா மொகல்லா ஜனமே ஓடியாரும், யாரு மௌத்துன்னு. நான் எத்தினி பேருக்கு பதில் சொல்றது?"

சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்கார வைத்தார். பிரியாணியும் கத்திரிக்காயுமாக வயிறு நிறைந்தது. அந்த வயிற்றோடு ஒப்பாரி வராது என்று பூர்ணிமாவே சொன்னாள். வஜீதா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏ பூர்ணி, பேஜார் புடிச்ச பாட்டுடி இது. சிரிக்கறதுக்கு எங்க வேணா எடம் கெடைக்குது, அழுவறதுக்கு ஒரு முழம் கெடைக்கல பாரு."

கடைசியில் பாலாறுதான் கிடைத்தது. எங்கள் பாலாற்றில் தண்ணீர் இல்லை என்று எல்லாரும் குறை சொல்கிறார்கள். பூர்ணிமாவுக்கு அன்றைக்கு அந்த வறண்ட மணலைப் போல உபகாரம் யாரும் செய்யவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால், முள்செடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். வஜீதா துணைக்குப் போயிருந்தாள். முதல் வரியை மெதுவாக எடுத்திருக்கிறாள். இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது தடவை 'கொண்டவரைக் காணலியே' என்ற இடத்தில் குரல் அவள் பிடியை விட்டுப் போய்விட்டது. ஆடி மாதத்திலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் அந்த மணலில் வந்து விழுந்தது. சிரிக்க வைக்கலாம் என்று தயாராக இருந்த வஜீதா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆடு ஓட்டி வந்த ஒரு பெண் சத்தத்தைக் கேட்டு வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, பூர்ணிமாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் இன்னொருத்தி பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். கொஞ்சம் அழுத பிறகுதான் விசாரிப்பாள்.

"யாருக்கும்மா?" என்று கேட்டாள் ஆட்டுக்காரி.

"யாருக்கும் இல்லம்மா. நாடகத்துக்கு."

"நாடகத்துக்கா இப்டி அழுவுற?" என்று அவள் பூர்ணிமாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "எந்த வூடு நீ?"

"கேட்டுக்கு அந்தாண்ட. தனகோடி மருமவ."

ஆட்டுக்காரிக்கு எதுவோ விளங்கிவிட்டது. "சரி, எடுத்துட்ட. நடுவுல நிறுத்தக் கூடாது. நீ பாடு. நான் எம்மவள நெனச்சிக்கறேன்."

இரண்டு பேருமாகப் பாட்டை முடித்தார்கள். பூர்ணிமா வீட்டுக்கு வரும்போது முகம் கழுவிப் பளிச்சென்று இருந்தாள். அன்று களியோடு கருவாட்டுக் குழம்பு வைத்ததாக ஞாபகம், வாசனை எங்கள் வீடு வரைக்கும் வந்தது.

அதற்கு அடுத்த நாள்தான் வினை வந்து இறங்கியது. ஆட்டுக்காரி நல்ல மனசோடுதான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள், தனகோடி மருமகள் ஆற்றில் உட்கார்ந்து புருஷனை நினைத்து ஒப்பாரி வைத்து அழுகிறாள் என்று. அந்த நாலு பேரில் ஒருத்தி அணைக்கட்டு ஊரில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போன் செய்திருக்கிறாள். ஒப்பாரி வைத்தாள் என்றால் எங்கள் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். செய்தி அணைக்கட்டில் இருக்கும் தனகோடியின் தம்பி ராஜகோபாலை எட்டும்போது, கோபி போய்ட்டான் என்று ஆகிவிட்டது. அவர் அக்காவுக்குப் போன் செய்து பார்த்தார். தனகோடி போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பூர்ணிமாவின் போன் கம்பெனி லாக்கரில். துக்க வீட்டில் யார் போனை எடுப்பார்கள் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டு, மாலையும் கோடித்துணியும் வாங்கிக்கொண்டு, ஒரு குட்டி யானை வண்டி நிறைய ஆட்களோடு கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸும் அந்த வண்டியும் ஒரே நேரத்தில் எங்கள் தெருமுனையில் வந்து நின்றன. வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள், முறைப்படி தெருமுனையிலேயே குரல் எடுத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிய பூர்ணிமா, மாலையோடு வரும் ராஜகோபாலைப் பார்த்தாள், அழும் பெண்களைப் பார்த்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். டிபன் டப்பா எங்கே விழுந்தது என்றுகூட அவள் பார்க்கவில்லை. பாடினேன், போய்ட்டாரு, பாடினேன், போய்ட்டாரு என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அந்தத் தெருவின் நீளத்துக்கு அவள் பட்டது எதிரிக்கும் வரக் கூடாது.

உள்ளே கோபிநாத் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தனகோடி கையில் கஞ்சிக் கிண்ணம். பூர்ணிமா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னாலேயே ராஜகோபாலின் சம்சாரம், முந்தானையை முகத்தில் போட்டபடி, எதையும் பார்க்காமல் உள்ளே நுழைந்து, "எங்க தங்கமே, நீ தவிக்க வுட்டுப் போனியே" என்று ஆரம்பித்தாள்.

"ம்" என்றான் கோபிநாத்.

அந்தம்மா அதைக் கவனிக்கவில்லை. "மாமன் வந்திருக்காரு, மலர்ந்து நீ பாக்கலியா" என்று அடுத்த வரிக்குப் போனாள்.

"ம்" என்றான் மறுபடியும்.

முந்தானை விலகியது. அந்தம்மாவின் வாய் திறந்தபடி நின்றது, பாட்டு வரவில்லை. யாருக்காக அழுகிறாளோ அவனே பதில் சொன்னால் எந்த ஒப்பாரிக்காரியால்தான் அடுத்த வரி பாட முடியும்? ராஜகோபால் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மாலையை மறைக்கிற அளவுக்கு அவருக்கு முதுகு கிடையாது.

தனகோடி எழுந்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன், அவள் கத்தவில்லை. ஒருத்தரும் சாப்பிடாமல் போகக் கூடாது என்றாள். துக்க வீட்டில் வந்தவர்கள் கை நனைக்காமல் போவார்கள். அப்படிப் போனால் இது துக்க வீடு என்று ஆகிவிடும். அவ்வளவு பேருக்கும் உப்புமா கிண்டி, உட்காரவைத்துப் பரிமாறினாள். விக்கி விக்கிச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது சொல்லாமல் நழுவப் பார்த்தவர்களை வாசலில் மறித்தாள். துக்க வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். ஒவ்வொருத்தரையும் நிற்கவைத்து, போய்ட்டு வர்றேன் என்று மகனிடம் சொல்ல வைத்தாள். கோபிநாத் எல்லாருக்கும் ம் சொன்னான். மாலை பாலாற்றுக்குப் போயிற்று. கோடி வேட்டியை மட்டும் திருப்பி எடுத்துப் போகவும் ராஜகோபாலுக்குத் தெரியவில்லை, வைத்துவிட்டுப் போகவும் தெரியவில்லை. அது ஜன்னல் விளிம்பில் பேப்பர் பிரிக்காமலே கிடந்தது.

வண்டி கிளம்பிய பிறகு தனகோடி மருமகள் பக்கம் திரும்பினாள். எதிர்வீடு, ஜன்னல் திறந்திருந்தது. காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நான் யோக்கியன் இல்லை.

"ஆத்துல பாடினது நீதானா?"

"ஆமாத்தை."

"உயிரோட கீறவனுக்கு ஒப்பாரி வெச்சிருக்க. பாத்த இல்ல, மாலையோட வந்து நிக்கறாங்க. இதோட வுட்டுடு. அந்தப் பையன் கிட்ட முடியாதுன்னு சொல்லிடு."

"சொல்ல மாட்டேன்."

பூர்ணிமாவே மேலே பேசினாள். ஆடி மாதத்திலிருந்து அந்த வீட்டில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நீங்க இந்த ஊர்ல எத்தினி பேருக்கு அழுதிருக்கீங்க அத்தை. யார் யாருக்கோ அழுதிருக்கீங்க. எனக்கு அழுவ எடமில்ல. வூட்ல அழுவக் கூடாது. பஸ்ல கூடாது. மெஷின்ல ஒக்காந்து அழுதா தையல் ஓடிப்போவுது. அவரு செத்தாதான் நான் அழலாம்னா, இன்னாத்தை, அவரு சாவட்டும்னு நான் காத்துனு இருக்கணுமா? ஆத்துல அழுதுட்டு வந்தன்னிக்குத்தான் அவரு மொகத்த நான் ஒழுங்கா பாத்தேன். அதுவரைக்கும் ஒரு மூட்டைய தொடைச்சி வைக்கற மாதிரி தொடைச்சினு இருந்தேன்."

"எம்புள்ளைக்கு எதனா ஆச்சுன்னா?"

"ஆவாது."

"உனுக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. பாடுவேன், அவ்ளோதான்."

அதற்கப்புறம் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தி அடுப்பிலிருந்து இறக்கியதை இன்னொருத்தி எடுத்து வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. பூர்ணிமா ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆற்றுக்குப் போனாள். தனகோடி பார்த்தும் பார்க்காத மாதிரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகனுக்கு ஊட்டும்போது மட்டும், ஸ்பூனை வாய்க்குக் கொண்டு போகாமல், அவன் முகத்தையே பார்த்தபடி ஏதோ யோசனையில் இருப்பாள்.

நாடகத்துக்கு இன்னொரு இடி விழுந்தது. ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபம் பேசி வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மண்டபத்துக்காரர், தாலி கட்டற மேடைல ஒப்பாரியா, அடுத்த முகூர்த்தத்துக்கு எவன் வருவான் என்று முன்பணத்தைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார். பாட்டை மாற்றிவிடலாமா அக்கா, விதைக்கிற பாதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முத்துக்குமார் இறங்கி வந்தான். அழாமல் விதைத்தால் அதில் என்ன இருக்கிறது என்று பூர்ணிமா கேட்டாள். கடைசியில் கம்பெனியில் லோடு ஏற்றும் முற்றத்திலேயே ஷாமியானா போட்டார்கள். பச்சையப்பன் மனசு கேட்காமல், இரண்டு பஸ்ஸை மேடைக்குப் பின்னால் நெருக்கி நிறுத்தி, நடிக்கிறவர்கள் துணி மாற்ற வழி செய்து கொடுத்தான். எலுமிச்சம்பழம் மட்டும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாகக் கூடியிருந்தது.

நாடகத்தன்று காலையில் பூர்ணிமா கிளம்பிப் போன பிறகு தனகோடி என் வாசலில் வந்து நின்றாள். ஒரு ஆட்டோ பிடித்து வரவேண்டும், கோபியைத் தூக்க ஒரு கை கொடுக்க வேண்டும் என்றாள். எங்கே என்று கேட்டேன். கம்பெனிக்கு என்றாள்.

போய்ப் பார்த்தால், ஜன்னலில் கிடந்த கோடி வேட்டியைப் பிரித்து, நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, மகனுக்குக் கட்டிவிட்டிருந்தாள். கல்யாணத்துக்குப் புதுத்துணி எடுத்தால் மஞ்சள் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பிணத்துக்கு வந்த துணிக்கு யாரும் மஞ்சள் வைத்து நான் பார்த்ததில்லை. ஆட்டோவில் நடுவில் அவன், இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். பேரணாம்பட்டு ரோட்டில் திரும்பும்போது, நான் கேட்காமலே சொன்னாள்.

"எந்தம்பி பொண்டாட்டி அன்னிக்கி வந்து எடுத்தா பாரு ஒப்பாரி. ரெண்டு வரி பாடினா. இவன் ம் சொன்னான். அதுக்கு மேல அவளால பாட முடியல. நான் அதையேதான் நெனச்சினு இருந்தேன். இத்தினி சாவுல பாடியிருக்கேன், ஒரு பொணமாவது ம் சொல்லியிருக்குமா? கேக்க முடியாதவனுக்குப் பாடினாதான் அது ஒப்பாரி. எதிர்ல ஒக்காந்து ஒருத்தன் ம் கொட்டினா அது கத. எம்மருமவ பாடட்டும். இவன் முன்னாடி ஒக்காந்து கேக்கட்டும். எவன் மாலை எடுத்துனு வர்றான்னு பாக்கறேன்."

நாங்கள் போகும்போது நாடகம் பாதி நடந்திருந்தது. வெயில் ஷாமியானாவைத் துளைத்துக்கொண்டிருந்தது. தோல் வாசனையும் பசை வாசனையும் கலந்த அந்த முற்றத்தில் கம்பெனிப் பெண்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். வஜீதாதான் எங்களை முதலில் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் முன்வரிசையில் ஆட்களை எழுப்பி இடம் பண்ணினாள். பிளாஸ்டிக் நாற்காலியில் கோபிநாத்தை உட்காரவைத்து, சரிந்து விடாமல் தனகோடி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் செல்லியாகப் பூர்ணிமா வந்தாள். நெற்றியில் பொட்டில்லை, தாலியை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். முத்துக்குமார் கீபோர்டில் சுரம் பிடித்தான். முதல் வரி எடுக்க நிமிர்ந்தவள் முன்வரிசையைப் பார்த்துவிட்டாள். புருஷனைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள், அதில் மஞ்சளைப் பார்த்தாள். கடைசியாக மாமியாரைப் பார்த்தாள். முத்துக்குமார் இரண்டு தடவை அதே சுரத்தை வாசித்தான். தனகோடி, ஆரம்பி என்பது போலத் தலையை அசைத்தாள்.

கரை ஒடையுதுன்னு கம்பளிய உதறிவுட்டு என்று பூர்ணிமா எடுத்தாள்.

"ம்" என்று கேட்டது முன்வரிசையிலிருந்து.

யாரோ திரும்பினார்கள், யாரோ உஸ் என்றார்கள். பூர்ணிமா அந்த ம் முடிகிறவரை நின்று, அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போனாள். அதற்கும் ம் வந்தது. முத்துக்குமாருக்குத் தாளம் பிடிபடவில்லை. கொஞ்சம் தடுமாறிவிட்டு, கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அதற்கப்புறம் அவள் ஒரு வரி, அவன் ஒரு ம் என்று பாட்டு போயிற்று. குடை எரவாணத்தில் தொங்கியபோது பின்வரிசைகளில் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டார்கள். கேன்டீன் சமையல்காரம்மா வாய்விட்டு அழுதாள். பூர்ணிமாவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது, ஆனால் குரல் உடையவில்லை. ஆற்று மணலில் உடைய வேண்டியதெல்லாம் உடைந்து தீர்ந்த குரல் அது. தனகோடியின் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவள் போட்ட சட்டத்தை அவளே மீறுவது தெரிந்தும் துடைக்கவில்லை.

பாட்டு இரண்டாவது பாதிக்குத் திரும்பியது.

முந்தாநேத்து ஊறவெச்ச நெல்லு மூட்டைக்குள்ள மொளைச்சிருக்கு
வண்டல் வந்து படிஞ்சதால வயலெல்லாம் கருத்திருக்கு
மொளைச்ச நெல்லு நமக்காக முடங்கித்தான் கெடந்திடுமா
அள்ளி நானே வெதைக்கட்டுமா? சொல்லுங்க சாமி, வெதைக்கட்டுமா?

முத்துக்குமார் எழுதியபடி, இந்தக் கேள்விக்குப் பதில் வராது. செத்தவனிடம் கேட்ட கேள்வி. மேடையில் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்க வேண்டும், பிறகு செல்லியே, வெதைக்கறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூடையை எடுக்க வேண்டும். ஒத்திகையில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

பூர்ணிமா கேட்டுவிட்டு நின்றாள். கோபிநாத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு வரிக்கும் வந்த ம் அந்த ஒரு வரிக்கு வரவில்லை. தனகோடியின் கை அவன் தோளில் இறுகுவது தெரிந்தது. அவள் அவனைத் தட்டவில்லை, காதில் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் நான், எனக்குத் தெரியும். பூர்ணிமா மேடை விளிம்புவரை நடந்து வந்தாள். பாட்டாக இல்லாமல், வீட்டில் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஏங்க, வெதைக்கட்டுமா?"

அவன் அவளை அண்ணாந்து பார்த்தான். இடது கையால் நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டான்.

"ம்" என்றான்.

பசிக்குதா என்றாலும் பசிக்கலையா என்றாலும் வருகிற அதே ம்தான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பூர்ணிமா சரி என்று தலையாட்டினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையிலிருந்து நெல்லை ஒரு கை அள்ளி வீசினாள். அடுத்த கை, அதற்கடுத்த கை. மேடையைத் தாண்டி முன்வரிசையில் இருந்த எங்கள் தலையிலும் மடியிலும் விழுந்தது. கோபிநாத்தின் புது வேட்டி மடிப்பில் ஒரு பிடி நெல் சேர்ந்திருந்தது. தனகோடி அதைத் தட்டிவிடவில்லை.